இருநூறாவது அடிக்கு அப்புறம்

மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் பெரிய ஏரியுமாகக் கிடந்த போதுமங்கலம் என்னும் நாட்டை மிதவர்மன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். முடிசூட்டிக்கொண்ட அன்று அவர் மாடத்தில் நின்று, "என் மக்கள் களைத்துப்போயிருக்கிறார்கள். இனி அவர்கள் எதையும் அளவுக்கு மேல் செய்ய வேண்டியதில்லை" என்று அறிவித்தார். மக்கள் நிஜமாகவே களைத்துப்போயிருந்தார்கள். ஆகவே வாழ்க என்றார்கள். மறுநாள் காலையில் போதும் சட்டம் வந்துவிட்டது.

சட்டம் எளிமையானது. எந்தச் செயலுக்கும் குறைந்த அளவு ஒன்று உண்டு. அதைச் செய்கிறவன் நல்ல குடிமகன். அதற்கு மேல் செய்கிறவன் அடுத்தவனைச் சோம்பேறியாகக் காட்டுகிறான். ஆகவே அவன் குற்றவாளி.

அந்தக் குறைந்த அளவு எது என்று தீர்மானிக்கிற பொறுப்பு மாசிலாமணியிடம் வந்தது. அரண்மனை அளவைத்துறையின் தலைமை அலுவலர் அவர். அந்த வேலைக்கென்றே பிறந்தவர். பிறந்தபோது ஒரே ஒருமுறை அழுதுவிட்டு நிறுத்திக்கொண்டாராம். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்ததும் அவரேதான். தாலியில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போட வேண்டும், மற்ற இரண்டும் நாத்தனார் பாடு என்று தெரிந்த அந்தக் கணத்தில்தான் இல்லறம் தனக்கு ஒத்துவரும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது.

முதலில் கோயிலை எடுத்துக்கொண்டார். ஏரியைக் காத்த அம்மன் கோயிலை மக்கள் மூன்று முறை சுற்றிவந்தார்கள். அரைச்சுற்றுப் போதும் என்று எழுதினார். அரைச்சுற்று வந்தவர்கள் எல்லாரும் கோயிலின் பின்சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். செருப்போ முன்வாசலில் கிடந்தது. செருப்பை இனிப் பின்பக்கம் விட வேண்டும் என்று திருத்தம் வந்தது. அதன்பிறகு முன்வாசலுக்கு யாருமே வரவில்லை. பூசாரி ஆண்டியப்பன் அம்மனோடு தனியே உட்கார்ந்திருந்தார். பத்துப் பாட்டுப் பாடித் துதித்த இடத்தில் 'தாயே' என்ற ஒரு சொல் போதும் என்றானது.

பிறகு ஊர். வைத்தியர் ஒரு கையில் மட்டும் நாடி பார்த்தார். வாத்தியார் உயிரெழுத்தோடு பாடத்தை முடித்துக்கொண்டார். மெய்யெழுத்தைப் பிள்ளைகள் தம் சொந்த முயற்சியில் தேடிக்கொள்ளலாம். தெருக்கூட்டுகிறவர்கள் இரண்டு முனையிலிருந்தும் பாதித் தெருவைக் கூட்டினார்கள். அதனால் எல்லாத் தெருவுக்கும் நடுவில் ஒரு குப்பைமேடு உண்டாகி, காலப்போக்கில் அதற்குப் பெயரும் வந்துவிட்டது. படகுக்காரர்கள் ஆட்களை இடுப்பளவு தண்ணீர்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

ஒருநாள் மாசிலாமணி இரண்டாவது கரண்டி சோற்றுக்கு இலையைக் காட்டினார். அவர் மனைவி தெய்வானை சட்டியை மூடினாள்.

"ஒரு கரண்டிதாங்க சட்டம். நீங்க எழுதினதுதானே?"

மாசிலாமணி எழுந்து கைகழுவினார். எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறோம் என்று அந்தப் பசியிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் குருவம்மாள் மேல் புகார் வந்தது.

குருவம்மாள் ஏரியின் மதகைப் பார்த்துக்கொள்கிறவள். தினமும் ஏரிக்கரையில் இருநூறு அடி நடந்து கரை நன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பது விதி. இருநூறாவது அடியில் 'போதும்' என்று வெட்டிய கல் ஒன்றும் நட்டிருந்தார்கள். அவளோ கரை முழுவதும், அந்தக் கோடி மருதமரம்வரை, மண்வெட்டியோடு நடந்தாள். மற்ற மதகுக்காரர்கள் மனம் புண்பட்டுப் புகார் எழுதினார்கள். மாசிலாமணி விசாரிக்கப் போனார்.

"ஏம்மா, கல்லு நட்டிருக்கோமே, கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுங்கய்யா."

"அப்புறம் ஏன் அதைத் தாண்டிப் போறே?"

"அதுக்கு அப்புறமும் கரை இருக்குதுங்களே."

மாசிலாமணி கரையைப் பார்த்தார். இருக்கத்தான் செய்தது. ஆனால் அது தம் துறைக்கு உட்பட்டதல்ல என்று தோன்றியது.

"இருநூறு அடின்னா இருநூறு அடிதாம்மா. ஊருக்கே ஒரே விதி."

"தண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?" அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அரசவையில் வழக்கு நடந்தது. தலைமை அமைச்சர் சுருக்கனார் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அரசே, இந்தப் பெண்மணி செய்திருப்பது சாதாரணக் குற்றமன்று. பிறர் உள்ளம் நோகும்படி உழைத்திருக்கிறாள். இன்று கரையில் கூடுதலாக நடப்பாள். நாளை அண்டை வீட்டுக்காரரை நலம் விசாரிப்பாள். இது எங்கே போய் முடியும்?"

அவை நடுங்கியது. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தன் வீட்டு வாசலில் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வெளியே வரும்போது அவள் மாசிலாமணியைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, மருதமரத்துக்குக் கீழே நண்டு வளை இருக்குது. மூணு நாளைக்கு ஒருதரம் அடைச்சுக்கிட்டே வருவேன். அது மறுபடி தோண்டிரும். யாரையாச்சும் பார்க்கச் சொல்லுங்க. கரைக்குக் கீழேதான் தாழத்தெரு. எண்பது வீடு."

"அறிக்கையில எழுதிடறேன்" என்றார் மாசிலாமணி.

எழுதவும் செய்தார். ஆனால் அறிக்கை இரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது என்று விதி செய்தவரும் அவரே. நெடுநேரம் யோசித்து, 'கரை உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டு சொல்லில் ஒரு பொய்கூட இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் நண்பகலில் ஏரி கடல்மாதிரி ஆகிவிட்டது. கரையைப் பலப்படுத்த அனுப்பப்பட்ட ஆட்கள், ஆளுக்குப் பத்துக் கூடை மண் கொட்டினார்கள். பத்தும் முடிந்ததும் கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. பத்து என்று எழுதிய கை எது என்பது மாசிலாமணிக்குத் தெரியும்.

அவர் பார்வையிடப் போயிருந்தார். பார்வையிடுவதற்கும் இருநூறு அடிதான். கல்வரை நடந்து நின்றார். நனைந்த வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. கீழே தாழத்தெருவில் ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். மழையிலும் புகை கூரைக்கு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகலாம். சட்டப்படி அவர் வேலை முடிந்தது. இருபத்தாறு ஆண்டு உத்தியோகத்தில் முடிந்த வேலைக்கு மேல் ஒரு விரலைக்கூட அவர் அசைத்ததில்லை.

ஆனால் அந்த நண்டு வளை அவர் மண்டைக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருந்தது.

காலை எடுத்துக் கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தார். வானம் இடிந்து விழவில்லை. இன்னொரு அடி. இத்தனை காலம் எதற்குப் பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது. பிறகு ஓடினார். ஓடிப் பழக்கமில்லாததால் இரண்டு இடத்தில் விழுந்தார்.

மருதமரத்தடியில், கரையின் வெளிச்சரிவில், விரல் கனத்துக்குத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. கலங்கலாக வந்தது, உள்ளே மண் கரைகிறது என்று அளவைத்துறைக்காரருக்கே புரிந்தது. தோளில் கிடந்த அரசாங்கச் சால்வையை உருட்டித் துளையில் திணித்தார். அது பிதுங்கி வெளியே வந்தது. மறுபடி திணித்து முதுகைக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"தாயே" என்றார்.

சட்டப்படி அவ்வளவுதான். ஆனால் அவரால் அதோடு நிறுத்த முடியவில்லை. மேற்கொண்டு எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. "தாயே, நான் மடையன். நான்தான் எழுதினேன். உன்னைச் சுத்தி வரவேண்டாம்னு எழுதினதும் நான்தான். என்னை என்ன வேணும்னாலும் செய். கீழே பிள்ளைங்க இருக்காங்க. எண்பது வீடு. எனக்குப் பாட்டெல்லாம் மறந்துபோச்சு..." என்று உளறினார். பிறகு நாடே கேட்கும்படி, "குருவம்மா! குருவம்மா!" என்று கத்தினார்.

கரையோரத்திலிருந்த தன் வீட்டு வாசலில் தண்டனைக்கு உட்கார்ந்திருந்த குருவம்மாள் எழுந்தாள். காவலுக்கு நின்றவன் தடுக்கவில்லை. ஒருமுறை 'நில்' என்று சொன்னால் போதும் என்பது அவனுக்கு விதி, அதைச் சொல்லிவிட்டான். அவள் போகிற வழியில் கோயிலுக்குள் புகுந்து பூசாரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, அப்படியே உட்கார்ந்திருங்க. அசையாதீங்க" என்று மாசிலாமணியிடம் சொன்னவள், பூசாரியிடம் திரும்பினாள். "பூசாரி, கீழே போய் எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க. ஒரு வீட்டையும் விட்றாதீங்க."

"சட்டப்படி ஒரு தெருவுக்கு ஒரு வீட்டுல சொன்னாப் போதும்னு..." என்று மாசிலாமணி பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்கய்யா" என்றாள் குருவம்மாள். அவர் மூடிக்கொண்டார். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது.

அவள் ஓடிப்போய்க் கலிங்கின் பலகைகளைக் கழற்றினாள். மிகுந்த தண்ணீர் வழிந்து போவதற்கான வாய் அது. ஒரு பலகையை எடுத்தால் போதும் என்பது விதி. அவள் ஒன்பதையும் எடுத்தாள். பூசாரி எண்பது கதவையும் தட்டினார். எழுபத்தொன்பதாவது வீட்டில் நடக்க முடியாத ஒரு கிழவர் இருந்தார். அவரை முதுகில் சுமந்து மேடேற்றினார். கடைசி ஆள் மேட்டில் ஏறிய பிறகுதான் குருவம்மாள் வந்து மாசிலாமணியை இழுத்து எழுப்பினாள். அவர் எழுந்த கொஞ்ச நேரத்தில் கரை அந்த இடத்தில் வாய்பிளந்தது. தாழத்தெருவில் பதினோரு வீடு போனது. உயிர் ஒன்றும் போகவில்லை. ஏரி பாதி வடிந்திருந்ததால் மற்ற வீடுகள் தப்பின.

தண்ணீர் வடிந்ததும் அரசவை கூடியது. சுருக்கனார் விசாரணை முடிவைப் படித்தார்.

"அரசே, போதும் சட்டத்தில் குறையேதும் இல்லை. ஆயினும் நாடு காப்பாற்றப்பட்டது சிறிதளவு கூடுதல் உழைப்பால் என்பது வருத்தத்துக்குரிய உண்மை. எனவே இனி ஒவ்வொரு குடிமகனும் குறைந்த அளவைவிட ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டும். அந்த ஒன்றுக்கு மேல் போவது குற்றம்."

அவை ஆரவாரித்தது. மக்கள் அரைச்சுற்றோடு ஓரடி கூடுதலாக நடந்தார்கள்; பின்சுவருக்குப் பதில் வடமேற்கு மூலையைப் பார்த்து நின்றார்கள். வாத்தியார் 'க்' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். குருவம்மாளுக்கு வீரத்துக்காக ஒரு மாலையும், தண்டனையின் நடுவே எழுந்ததற்காக மேலும் ஒரு மண்டலமும் கிடைத்தன. மாசிலாமணி, 'கூடுதலின் குறைந்த அளவு'த் துறைக்குத் தலைவராக்கப்பட்டார்.

அவர் அந்தப் பதவியை ஏற்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து நாற்பது ஏட்டில் விலகல் கடிதம் எழுதினார். தாம் எழுதிய ஒவ்வொரு விதியும் யாரை என்ன செய்தது என்று ஒன்றுவிடாமல் எழுதினார். தெய்வானை படித்துப் பார்த்து, "இவ்வளவு எழுதத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். அன்று அவளே இரண்டாவது கரண்டி போட்டாள். அரண்மனையில் எந்தக் கடிதத்திலும் இப்போது முதல் இரண்டு வரியைப் படித்தால் போதும். இரண்டிலும் மரபுப்படி 'மன்னர் வாழ்க' என்று இருந்தது. பதவியை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார் என்று குறித்து வைத்துவிட்டார்கள்.

மாசிலாமணி கூடையோடு கரைக்குப் போனார். வாசலில் உட்கார்ந்தபடியே குருவம்மாள், எங்கே மண் போட வேண்டும் என்று கத்திக் கத்திச் சொன்னாள். வாயால் பேசுவது வேலையில் சேராது என்று காவலன் விட்டுவிட்டான். பூசாரி வந்தார். தாழத்தெருக்காரர்கள் சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை.

இதற்கிடையே அரண்மனையில் மாசிலாமணியின் காலி நாற்காலி அருமையாக வேலை பார்த்தது. அதன்மேல் ஒரு புகாரும் இல்லை. யார் மனமும் புண்படவில்லை. ஆண்டு முடிவில் சிறந்த அலுவலர் பரிசு அதற்குக் கிடைத்தது. வீடிழந்தவர்கள் அரண்மனை வாசலில் கூச்சல் போட்டபோது, மன்னர் சுருக்கனாரை ஓய்வில் அனுப்பிவிட்டு, தலைமை அமைச்சரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று நாட்டின் முதல் தேர்தலை அறிவித்தார். அரண்மனையின் சார்பில், கறைபடாதவர் என்ற பெயரோடு, நாற்காலி நின்றது.

எதிர்த்து நிற்க ஆளில்லை. தாழத்தெருக்காரர்கள் மாசிலாமணியிடம் வந்தார்கள்.

"நானா? அதுகிட்டயா? அது என்னைவிட நல்லா வேலை பார்க்குதேப்பா" என்றார் அவர்.

"பரவாயில்லை, நில்லுங்க. தோத்தாலும் கரைக்குத்தானே வரப்போறீங்க" என்றாள் குருவம்மாள்.

நின்றார். வீடு வீடாகப் போய், எல்லாவற்றையும் கெடுத்தது தாம்தான் என்பதில் தொடங்கிப் பேசினார். ஓட்டுக் கேட்கிறவர் அப்படிப் பேசி அந்த நாடு கேட்டதில்லை. பலர் முகம் சுளித்தார்கள். சிலர் உட்காரச் சொன்னார்கள்.

நாற்காலி பெருவெற்றி பெற்றது.

பதவியேற்பு நாளில் அதை மேடையில் தூக்கிவைத்தார்கள். அது சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தது. நாட்டு வரலாற்றிலேயே இவ்வளவு தெளிவான உரையைக் கேட்டதில்லை என்று மன்னர் கண்கலங்கினார். மக்கள் கைதட்டினார்கள், விதிப்படி ஒருமுறையும், கூடுதலாக ஒருமுறையும்.