பங்குனிக்குள் பிரசவம்

வரப்பில் பாதி தூரம் வந்த பிறகுதான் வேடியப்பன் திரும்பிப் பார்த்தார். பின்னால் நடந்து வந்த மகளைக் காணவில்லை.

நிறைமாதக்காரி. அதிலும் நாள் கடந்துபோன நிறைமாதக்காரி. அவர் பதறிப்போய் வந்த வழியே ஓடினார். ஓடிய வேகத்தில் மடை வாய்ச் சேற்றில் கால் பிசகியது. நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தால், இலக்கியா கிணற்று மேட்டு வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தாள்.

“நடக்கச் சொன்னா குந்திக்கினு இருக்கிறியே.”

“நீ நடக்கறதப் பாத்தே எனக்குக் கால் வலிக்குதுப்பா.”

“நாள் தாண்டி மூணு நாளாச்சு. நடந்தாதான புள்ள கீழ எறங்கும்.”

“வர்றப்ப வரும்பா. இந்தா, நீ ஒரு நுங்கு துன்னு.”

வளைகாப்பு முடிந்து அழைத்து வந்த அன்றே, பங்குனி இருபத்தாறு என்று மகள் சொன்ன தேதியைத் தினசரிக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார் வேடியப்பன். அந்தத் தாளும் கிழிந்துவிட்டது, அடுத்த இரண்டு தாள்களும் கிழிந்துவிட்டன. பங்குனி முடிந்தால் சித்திரை. தலைச்சன் பிள்ளை சித்திரையில் பிறக்கவே கூடாது என்பது அவர் வீட்டில் எழுதாத சட்டம்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நாள் தள்ளிப்போன எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ட்ரிப் போட்டு வலி வரவைத்தார்களாம். அவள் போட்ட சத்தத்தைப் பற்றித் தெருவே பேசியது. “எனக்கு அதெல்லாம் வேணாம்பா” என்று இலக்கியா ஒருநாள் அவர் தோளில் சாய்ந்து சொல்லியிருந்தாள். ஒரே மகள். காது குத்தும்போது அவள் அழுதாள் என்பதற்காக ஆசாரியின் சட்டையைப் பிடித்தவர் அவர். பிள்ளை பங்குனிக்குள் பிறக்க வேண்டும், மகளுக்கு நோகாமலும் பிறக்க வேண்டும். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மனைவி செல்லியம்மாளோ எதுவுமே நடக்காதது போல உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணப் பெத்தவதான நீ? கொஞ்சமாச்சும் பயம் இருக்குதா?”

“நீங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் படறீங்களே, அது போதும்.”

இவளிடம் பேசிப் பயனில்லை என்று, சுகாதார நர்ஸ் அருள்மொழிக்கு போன் போட்டார். பெண் விஷயம் பேச வெட்கம். வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ‘தெரிஞ்ச எடத்துல ஒரு பொண்ணு’ என்று ஆரம்பித்தார்.

தடுப்பூசி முகாமில் இருந்த அருள்மொழி, யார் எவர் என்று கேட்காமல் சொன்னாள். “நாள் தாண்டுனா எடுத்த ஒடனே ட்ரிப் போட மாட்டாங்கண்ணா. டாக்டரம்மா கை வச்சிப் பாத்து, பனிக்குடத்துச் சவ்வ லேசா வெலக்கி வுடுவாங்க. அதுலயே பல பேருக்கு வலி வந்துரும். இல்லன்னா ஜெல் வப்பாங்க. இல்லன்னா சின்னதா ஒரு பலூன் வச்சி கர்ப்பவாயத் தொறக்க வைப்பாங்க. யாருக்கு எது ஒத்துக்குமோ அத டாக்டர்தான் முடிவு பண்ணணும்.”

“வூட்டுலயே ஏதாச்சும்? வெளக்கெண்ண குடுக்கலாமுன்னு சொல்றாங்களே.”

“வெளக்கெண்ணய வாயில வச்சீங்கன்னா நானே வந்து பாட்டில ஒடப்பேன். கொஞ்சம் நடக்கட்டும். நாலு பேரீச்சம்பழம் துன்னட்டும். நல்லாத் தூங்கட்டும். ஆனா டாக்டர்கிட்ட காட்டியே ஆவணும்.”

வேடியப்பனுக்கு உயிர் வந்தது. நடைக்குத் தன் கால் ஒத்துழைக்காது. பேரீச்சம்பழம் மூன்று கிலோ வாங்கி வந்தார். நாலு என்று சொன்னதை அவர் மறக்கவில்லை. நாலு நல்லதென்றால் நாற்பது இன்னும் நல்லதுதானே என்று நினைத்தார். மகளுக்கு எதிரே உட்கார்ந்து, சின்ன வயதில் சோறு ஊட்டியது போல ஒவ்வொன்றாகக் கொட்டை நீக்கிக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்து அவளும் மறுக்க முடியாமல் தின்றாள்.

மறுநாள், பங்குனி முப்பது. காலையில் இலக்கியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “வயிறு சுருட்டிப் புடிக்குதுப்பா.”

அவ்வளவுதான். தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வடக்கனந்தலில் இருக்கும் மாப்பிள்ளை தீனதயாளனுக்குத் தகவல் போக, அவன் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினான். ஷேர் ஆட்டோ ஓட்டும் தங்கதுரை வண்டியைத் திண்டு போட்டுத் தயார் செய்தான். கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டார்கள்.

“மெதுவாப் போ தங்கதுரை, புள்ளைக்கு நோவப் போவுது” என்றார் வேடியப்பன். ஒரு கிலோமீட்டர் போனதும், “ரொம்ப மெதுவாப் போனா வலி நின்னுடப் போவுது, அந்தப் பள்ளத்துலயே ஏத்தி வுடு” என்றார்.

“பள்ளமா மேடான்னு ஒண்ணச் சொல்லுங்கண்ணா” என்று கெஞ்சினான் தங்கதுரை.

வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கழிப்பறைக்குப் போன இலக்கியா, பத்து நிமிடம் கழித்துத் தெளிந்த முகத்தோடு வந்தாள். “செரியாப் போச்சுப்பா. பேரீச்சம்பழ வேலதான். வூட்டுக்குப் போலாம்.”

“ஆமா மாமா, போயிடலாம்” என்றான் தீனதயாளன். “இன்னிக்கு டாக்டரம்மா இருக்க மாட்டாங்க.”

“வெயிலு ஜாஸ்தியா கீது. வூடு போய்ச் சேருவோம்” என்றாள் செல்லியம்மாள்.

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னது வேடியப்பனுக்கு எரிச்சலாக இருந்தது. “நாளைக்குச் சித்திர. வந்தது வந்தோம், அந்தச் சவ்வு வெலக்கற வைத்தியத்தயாச்சும் பாத்துக்கினு போவோம். எம்பொண்ணு ட்ரிப்புல கெடந்து கத்தறத என்னால கேக்க முடியாது.” கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. தங்கதுரை வண்டியைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கே விட்டான். இலக்கியா பையிலிருந்த ஃபைலைத் தன் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கால் வீங்கியிருந்ததால் தங்கதுரை தோளைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குள் போனார் வேடியப்பன். உட்காரும் முன்பே ஆரம்பித்தார். “சவ்வ வெலக்குங்க, ஜெல்லு வைங்க, பலூனு வைங்க. எது நோவு கம்மியோ அதச் செய்ங்க. ட்ரிப்பு மட்டும் வேணாம்மா. நாள் தாண்டி நாலு நாளாச்சு.”

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இலக்கியாவிடமிருந்து ஃபைலை வாங்கிப் புரட்டினார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையின் துடிப்பையும் கேட்டார்.

“ஐயா, இதெல்லாம் நாள் தாண்டினவங்களுக்கு. உங்க பொண்ணுக்கு எதுவுமே வேண்டாம். குழந்தை நல்லா இருக்கு. இன்னும் பத்து நாள் இருக்கு.”

“பங்குனி இருபத்தாறுன்னு சொன்னாங்களே?”

“யார் சொன்னாங்க? மூணாவது மாச ஸ்கேன்லயே தெளிவா இருக்கே. சித்திரை பத்து. கரு தங்கினது ஆடி மாசம் நடுவுல.”

வேடியப்பன் டாக்டரம்மாவை இரக்கத்தோடு பார்த்தார். படித்தவர்தான், ஆனால் பாவம், மெஷினை நம்பிப் பிழைக்கிறவர்.

“மெஷின் தப்புங்கம்மா. ஆடி பொறக்கறதுக்கு மொத நாளே நான் போயி பொண்ண அழைச்சிக்கினு வந்துட்டேன். மாசம் பூரா எங்கூட்டுலதான் இருந்தா. மாப்ள எங்கூரு எல்லையக்கூட மிதிக்கல. நான் வாசல்லயே கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். அவ வெளிய போனதே வெள்ளிக்கு வெள்ளி ரிஷிவந்தியம் கோயிலுக்குத்தான். இதோ, இந்தத் தங்கதுரை வண்டியிலதான் போவா. பொழுது சாய வந்து எனக்குத் திருநீறு பூசி வுடுவா.”

தீனதயாளன் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை வரி விடாமல் படிக்க ஆரம்பித்தான். செல்லியம்மாள் மின்விசிறியைப் பார்த்தாள். இலக்கியாவின் முகம் முந்தானைக்குள் போய்விட்டது.

“செலவப் பாக்காம நல்ல மெஷினா ஒண்ணு வாங்கி வைங்கம்மா” என்று முடித்தார் வேடியப்பன்.

ஒரு பாவமும் அறியாத மெஷின் திட்டு வாங்குவதைத் தங்கதுரையால் தாங்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

“ஆடி வெள்ளில கோயிலுக்குள்ள போனது நான் மட்டுந்தாண்ணா. பாப்பா வாசல்லயே மாப்ள பைக்குல ஏறி வடக்கனந்தலுக்குப் போயிடும், அது திரும்பி வர்றதுக்குள்ள உங்களுக்குத் திருநீறு வாங்கி வைக்கறதுதான் என் வேல.”