ஸ்கொட்லாந்துக்கு இழுத்த கரைவலை

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போனில் பொய் சொல்வதில் முன்பு ஒரு வசதி இருந்தது. அவர்கள் எழும்பி வந்து பார்க்க மாட்டார்கள். கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்போதே "இஞ்ச ஒரு குறையுமில்லை" என்று சொல்லலாம். வீடியோ கோல் வந்து அந்த வசதியைக் கெடுத்துவிட்டது. கெட்டது தெரியாமல் கடைசியாகப் பொய் சொன்ன மன்னார்க்காரன் நான்தான் என்று நினைக்கிறேன்.

பொய் சின்னதுதான். "நான் அம்பா பாடுவன்" என்றேன்.

கடலில் வளைத்துப் போட்ட கரைவலையைக் கரையில் நின்று இழுப்பவர்கள் பாடும் பாட்டுக்குப் பெயர் அம்பா. ஒருவர் முன்பாட்டுப் பாட, மற்றவர்கள் "ஏலோ" என்று சொல்லிக் கயிற்றை இழுப்பார்கள். எங்கள் ஓலைத்தொடுவாய்க் கரையில் இப்போது கயிற்றை இழுப்பது ட்ரக்டர். அந்த ட்ரக்டரை ஓட்டுவது நான். அதாவது ஊரில் அம்பாவை இல்லாமல் செய்த ஆளே நான்தான். (ட்ரக்டருக்குப் பாட்டுத் தேவையில்லை, டீசல் போதும். அதை நினைத்து ஊரில் ஒருவரும் கண்ணீர் விடவுமில்லை. கயிறு இழுத்துக் கை உரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.) என் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்த்தார்கள். முதல் நாளே, "தம்பி, நீ வாயை மட்டும் அசை" என்றார்கள். இரண்டு நத்தார்ப் பண்டிகைக்கு அசைத்தேன்.

பொய்யை வாங்கியவள் என் தங்கச்சி ஜெசிந்தா. எங்கள் வீட்டுப் படிப்பை இரண்டு பேருக்கும் பங்கு போட்டபோது, நான் இந்தியாவில் அகதி முகாமில் கொஞ்சம், திரும்பி வந்து இங்கே கொஞ்சம் என்று ஐந்தாம் வகுப்பைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டேன். மிச்சம் முழுவதையும் அவள் எடுத்துக்கொண்டாள். வாசிகசாலையில் இருந்ததை எல்லாம் வாசித்து முடித்து, கச்சான்கடலை சுற்றி வந்த பேப்பரையும் விரித்து வாசிப்பாள். அப்படி வாசித்து வாசித்து, புலமைப்பரிசில் கிடைத்து, ஸ்கொட்லாந்தில் ஒரு கடற்கரை ஊருக்குக் கடலைப் பற்றிப் படிக்கப் போனாள். ("கடல் வாசல்லதானே கிடக்கு, அதைப் படிக்க அவ்வளவு தூரம் ஏன் போறாய்?" என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.)

போய் இரண்டாம் கிழமையே குரல் மாறிவிட்டது. குளிராம். நாலு மணிக்கே இருட்டாம். சனம் நல்ல சனம், ஆனால் "எப்படி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுமாம். நூலகம் மட்டும் பெரிதாம். கை கொள்ளுமட்டும் புத்தகம் தருவார்களாம். ஆனால் புத்தகம் திருப்பிக் கதைக்காது. "ஒரு சங்கத்தில சேர்ந்தா ஆக்கள் பழகுவினம் எண்டு சொல்லுகினம் அண்ணா" என்றாள்.

எங்கள் ஊரில் சங்கம் என்றால் கடற்றொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம். (கடைசிச் சங்கத்தின் பலனை அனுபவிக்கச் செத்துத்தான் காட்ட வேண்டும்.) அங்கே மலை ஏற ஒரு சங்கம், சீஸ் தின்ன ஒரு சங்கம், சும்மா ஓட ஒரு சங்கமாம். ஒருவரும் துரத்தாமலே ஓடுவார்களாம். இவள் முதலில் புத்தகம் வாசிக்கும் சங்கத்தில் சேர்ந்தாள். மாதம் ஒரு புத்தகம். முழுவதும் வாசித்துக்கொண்டு போனது இவள் மட்டும்தான். மற்றவர்கள் பாதி வாசித்துவிட்டு முழுக்கக் கதைத்தார்கள். இவள் முழுக்க வாசித்துவிட்டு வாயைத் திறக்காமல் பிஸ்கட் தின்றுவிட்டு வந்தாள்.

அடுத்தது நாட்டுப்பாட்டுச் சங்கம். சனிக்கிழமை மத்தியானம் கூடுவார்கள். புதிதாகச் சேருகிறவர் தன் ஊர்ப் பாட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கமாம்.

"எனக்கு என்ன பாட்டுத் தெரியும் அண்ணா? பள்ளிக்கூடக் கீதம்தான் தெரியும்." அழுகை வரப் பார்த்தது. "இதுவும் சரிவராட்டி நான் வந்திடுவன். எனக்கு ஏலாது."

வந்திடுவன் என்றால் படிப்பை விட்டுவிட்டு வருவாள். வீட்டில் ஒரு ட்ரக்டர் ஓட்டி போதும் என்பது என் கருத்து. அவசரத்தில் வாய் முந்திவிட்டது.

"விசரி, நான் அம்பா பாடுவன்தானே. வீடியோவில பாடுறன்."

"உண்மையாவே? நீங்கள் பாடுவீங்களே?"

"பின்ன."

அவள் உடனே சங்கத்தில் போய், தன் அண்ணா ஒரு கலைஞர், கடற்கரையில் நின்று நேரடியாகப் பாடுவார் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் கதவில் விளம்பரமே ஒட்டிவிட்டார்களாம்.

ஊரில் முன்பாட்டுத் தெரிந்தவர் சூசையண்ணை. ஓடினேன். ஆட்டுக்கு இலைகுழை கட்டிக்கொண்டிருந்தார்.

"சூசையண்ணை, ஒரு அம்பா பாடிக் காட்டுங்கோ."

"கயிறு எங்க?"

"கயிறு என்னத்துக்கு? பாட்டுத்தானே கேட்டனான்."

"கயிறில்லாமப் பாட நான் என்ன விசரனே? வாயில ஒண்டுமில்லாமச் சப்பச் சொல்லுறாய்."

கயிறு கொண்டுவந்தேன். ஒரு நுனியை அவர் பிடித்தார், மற்றதை நான் பிடித்து இழுத்தேன். "இது பாரமே? மூச்சு வாங்கேல்லை. மூச்சு வாங்காமப் பாட்டு எங்கயிருந்து வரும்?" என்றார். பனையில் கட்டினேன். "பனை வராது. வராத சாமானுக்கு எவனும் பாடமாட்டான்." கடைசியில் ஆட்டைக் கட்டலாமா என்று கேட்டேன். ஆடு என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

ஆக, பாட்டு வேண்டுமென்றால் வலை இழுக்க வேண்டும். வலைக்குச் சொந்தக்காரர் லோறன்ஸ் சம்மாட்டி. என் முதலாளியும் அவர்தான். ட்ரக்டரை நிறுத்திவிட்டுக் கையால் இழுப்போமா என்று கேட்டால் அடிப்பார் என்று நினைத்தேன்.

"ஸ்கொட்லாந்தில என்ர வலை தெரியுமே?" என்றார்.

"வடிவாத் தெரியும்."

"நான்?"

"நீங்களும் தெரிவீங்கள் அண்ணை."

"அப்ப சரி." சனிக்கிழமை பார்த்தால் தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

திட்டத்தைக் கேளுங்கள். கரைவலை கரைக்கு வர ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். சங்கம் தந்தது பத்து நிமிடம். ஆகவே மற்றவர்கள் இழுத்துக்கொண்டிருக்க, வலை கரைக்குக் கிட்ட வரும்போது நான் வீடியோ கோலைத் தொடங்கிவிட்டுக் கயிற்றின் முன்னால் போய் நிற்பேன். சூசையண்ணை படத்தில் விழாமல் பின்னால் நின்று பாடுவார். நான் வாயை அசைப்பேன். கோயிலில் எடுத்த பயிற்சி ஒருநாளும் வீண்போகாது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இன்னொன்றும் செய்தேன். வெளிநாட்டார் பார்க்கப் போகிறார்கள் என்று என் கலியாணக் கோட்டைப் போட்டேன். சப்பாத்தும் போட்டேன். முகத்துக்குப் பவுடரும். என் மனுசி வாசலில் நின்று, "வலை இழுக்கப் போறியளோ, பொம்பிளை பாக்கப் போறியளோ?" என்று கேட்டாள். கலைஞனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

அங்கே மத்தியானம், எங்களுக்குப் பொழுது சாய்கிற நேரம். கரையில் நின்றால் என் போன் இந்திய சிக்னலைப் பிடித்து, தான் இந்தியாவில் நிற்பதாக நினைத்து "நல்வரவு" சொல்லும். அதோடு சண்டைபிடித்து இலங்கைக்குத் திருப்பி, மீன்பெட்டியில் சாய்த்து வைத்துக் கோலை எடுத்தேன். ஜெசிந்தா தெரிந்தாள். பின்னால் ஒரு மண்டபம், கதிரைகளில் வெள்ளைக்காரர்கள். ஒருவன் செந்தாடியோடு முன் வரிசையில். எல்லாரும் கை காட்டினார்கள். ஒரு கழுதை வந்து முதலில் தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. அதற்கும் கை காட்டினார்கள்.

நான் ஓடிப்போய்க் கயிற்றின் முன்னால் பிடித்தேன். பின்னால் நின்றவர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்து, வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சூசையண்ணைக்கு இப்போது பாரம் போதும். பாட்டு வந்தது.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அம்பாவுக்கு நிலையான சொல் கிடையாது. முன்பாட்டுக்காரர் கண்ணுக்கு முன்னால் எதைப் பார்க்கிறாரோ அதைக் கட்டிப் பாடுவார். அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது நான்.

"கோட்டுப் போட்ட கொக்கு ஒண்டு..."

"ஏலோ!"

"கரைக்கு வந்து நிக்குதடா..."

"ஏலோ!"

நான் ஒரு சொல் பிந்தி, உணர்ச்சியோடு வாயை அசைத்தேன். கையை நெஞ்சில்கூட ஒருதரம் வைத்தேன். சொல்லைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. ஜெசிந்தா அங்கே வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்கள் நிண்டு வலை இழுக்க..."

"ஏலோ!"

"பவுடர் பூசி வந்ததடா..."

"ஏலோ!" இந்த ஏலோவில் சிரிப்புக் கலந்திருந்தது.

"பாட்டுக்காரன் எண்டு சொல்லி..."

"ஏலோ!"

"வாயை வாயை ஆட்டுதடா..."

அந்த வரியையும் வாயசைத்து முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. திடுக்கிட்டு வாயை மூடினேன். அடுத்த வரி, நான் வாயை மூடிக்கொண்டு நிற்க, கணீரென்று வந்தது. ஸ்கொட்லாந்து முழுவதும் அதைப் பார்த்தது.

திரும்பிச் சூசையண்ணையை முறைக்கப் போனேன். அந்த ஒரு நொடியில் ஏலோ தப்பிவிட்டது. எல்லாரும் இழுக்கும்போது நான் விட்டேன், விடும்போது இழுத்தேன். ஒரு சப்பாத்து ஈரமணலில் புதைந்து அங்கேயே நிற்க, நான் மட்டும் பின்னால் போனேன். போய்ச் சூசையண்ணையில் விழ, அவர் அடுத்தவரில் விழ, வரிசை முழுவதும் அடுக்கி வைத்த கதிரைபோலச் சரிந்தது. கயிறு கையை விட்டுப் போனது. வலையின் ஒரு பக்கம் தளர்ந்து, அடிவிளிம்பு நிலத்தை விட்டு எழும்பி, உள்ளே மின்னிக்கொண்டிருந்த சூடை, கீரி மீன்கள் அவ்வளவும் ஒழுங்காக வெளியேறிப் போயின. தள்ளுமுள்ளு இல்லை. கோயில் விட்டுச் சனம் போவதுபோலப் போயின.

லோறன்ஸ் சம்மாட்டி தண்ணீருக்குள் நின்று கடைசி மீன் போகும்வரை பார்த்தார். பிறகு போனுக்கு நேரே வந்து நின்று வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதில் நான் இருந்தேன், எங்கள் அப்பா இருந்தார், கோட்டுத் தைத்தவன் இருந்தான், ஸ்கொட்லாந்தும் இருந்தது. ஒரு சொல்கூட இரண்டாம் முறை வரவில்லை. இறங்கும் சூரியனும் டை அடித்த தலையும் பின்னால் மினுங்க, கையைக் கடல் பக்கம் நீட்டி நீட்டிச் சொன்னார். போனில் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கோபித்துக்கொண்டு வெளியே போகிறார்கள் என்று நினைத்து நான் கோலை வெட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு காலில் சப்பாத்தோடு கட்டிலில் கிடந்தேன். தங்கச்சி பெட்டி கட்டுகிறாள், வரப்போகிறாள், எல்லாம் என்னால்தான். போன் அடித்தது. ஜெசிந்தா. மூச்சுவிட முடியாமல் விக்குகிறாள்.

"அழாதை பிள்ளை. வந்திடு. அண்ணா பாக்கிறன்."

"அண்ணா, நான் சிரிக்கிறன்!" போய் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரிக்கிறாள். "முன்பாட்டுக்காரர் தன்னைத் தானே தாழ்த்திப் பாடுறது எங்கட வழக்கம் எண்டு சொன்னனான். நீங்கள் வாயை மூடினது நெட்வேர்க் பிழை எண்டனான்."

"சம்மாட்டி கதைச்சதுக்கு என்ன சொன்னனீ?"

"அவை அதைத்தான் முதல் கேட்டவை. மீன் தந்த கடலுக்கு நன்றி சொல்லுறார் எண்டனான்."

"அவ்வளவத்தையுமே?"

"நீளமான நன்றி எண்டனான். அதுக்குத்தான் எழும்பி நிண்டவை. அண்ணா, ஒரு பிரச்சினை. அவை எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருக்கினம். சங்கத்துக்கு அதையும் படிப்பிக்கட்டாம்."

படிப்பித்தாள். வேறு வழியில்லை. அவளுடைய குரல் திரும்பி வந்தது. சனிக்கிழமைகளில் எடுத்தால் "பிறகு எடுங்கோ அண்ணா, ஆக்களோட நிக்கிறன்" என்றாள். புத்தகச் சங்கத்திலும் வாயைத் திறந்து, நீங்கள் ஒருவரும் கடைசிப் பக்கத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். அதற்குப் பிறகு அவளைத்தான் தலைவியாக வைத்தார்களாம்.

அடுத்த வருடம் எங்கள் கோயில் திருநாளுக்கு ஜெசிந்தா வந்தாள். சங்கத்திலிருந்து நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். செந்தாடிக்காரன் பஸ்ஸால் இறங்கி, என்னைக் கண்டு இரண்டு கையையும் பிடித்து, மிக மரியாதையாக, "வணக்கம், கொக்கு அண்ணா" என்றான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் பாதர், லோறன்ஸ் சம்மாட்டி, சூசையண்ணை எல்லாரும் இருந்தார்கள். சாப்பிட்டு முடிய, விருந்தாளிகள் எழும்பி வரிசையாக நின்றார்கள். ஜெசிந்தா வேண்டாம் என்று தலையை ஆட்டியது அவர்களுக்குத் தொடங்கு என்பதுபோல விளங்கிவிட்டது. கொக்குப் பாட்டை நாலு குரலில் பாடினார்கள். நல்லாகவே இருந்தது. பிறகு செந்தாடிக்காரன் ஒரு அடி முன்னால் வந்து, கண்ணை மூடி, கையைக் கடல் பக்கம் நீட்டி, நன்றியைத் தொடங்கினான்.

ஒரு சொல் பிசகவில்லை. என்னில் தொடங்கி, அப்பாவுக்குப் போய், தையல்காரனைத் தொட்டு, ஸ்கொட்லாந்தில் வந்து முடித்தான். மற்ற மூவரும் "ஏலோ" என்றார்கள்.

அம்மா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றார். லோறன்ஸ் சம்மாட்டி தன் சொந்தச் சரக்கு கடல் கடந்து போய் மரியாதையோடு திரும்பி வந்ததைக் கேட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் எழும்பி நின்றார். எல்லாரும் பாதரைப் பார்த்தோம். பாதரும் இந்தக் கரையில் பிறந்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உச்சரிப்பு நல்லாயிருக்கு" என்றார். "கடலுக்கு மட்டுமில்லை, தலைமன்னார் வரைக்கும் கேட்டிருக்கும்."

இப்போது எங்கள் வீட்டில் ஒருவரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. போன கிழமை அம்மாவின் காலில் அம்மிக் குழவி விழுந்தது. காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, வீட்டில் நின்ற எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அம்மா சொன்னார்:

"கடலுக்கு நன்றி!"

"நீளமாவோ அம்மா?" என்று கேட்டேன்.

கரண்டி பறந்து வந்தது.