படி ஏறாதவர்

“இன்னையிலேர்ந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த வீட்டுல தினமும் பரீட்சை!”

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு லிஃப்ட்காரர் இவ்வாறு அறிவித்தார். அறிவித்த குரலில் சிறு நடுக்கம் இருந்தது. அதை இருமி மறைத்தார்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “யாருக்கு?” என்றாள்.

“உனக்குத்தான். நான் கேப்பேன், நீ சொல்லணும்.”

சாப்பாட்டு மேசைமேல் ஒரு தடித்த புத்தகம் பொத்தென்று விழுந்தது. அட்டையில் ஏதோ மின்னணுப் பலகையின் படம்.

“அப்பா, இது உங்க வேலைப் புத்தகம்.”

“பொது அறிவு! தினமும் லிஃப்ட்ல ஏறுறே இல்ல? அது எப்படி ஏறுதுன்னு தெரிய வேணாமா?”

அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவர் அஞ்சியது அவளுடைய பேச்சுக்கு அன்று, பேசாமைக்கு.

உண்மை வேறு. அன்று காலையில்தான் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. புதிய மின்னணு லிஃப்டுகள் வருகின்றன. சனிக்கிழமை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. தேறாதவர்கள் கதவுத் தடங்களுக்கு எண்ணெய் இடும் பணிக்கு மாற்றப்படுவர். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தலைமை மெக்கானிக்காக இருப்பவர் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக அலைவதா? நினைத்தபோதே கால் நடுங்கியது. இது வீட்டுக்குத் தெரிந்தால் என்று நினைத்தபோது இரண்டு காலும் நடுங்கின.

படிப்பைப் பற்றி அவர் பேசியிருந்த பேச்சு அப்படி. அவருடைய தந்தை பிரம்பை நம்பியவர்; அடி மனத்தில் பதிந்தது, பாடம் பதியவில்லை. இவர் சான்றிதழை நம்பியவர். அதைச் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிய அன்றே கல்வி முற்றிற்று. “படிக்கிற வயசுல படிச்சு முடிச்சவன் நான்” என்பார். மகள் எதையும் முடிப்பவள் அல்லள். “வேணுங்கறப்போ பாத்துக்கலாம்பா” என்று விரலால் திரையைத் தள்ளுவாள். அவளிடம் நாளொன்றுக்குப் பத்து முறை அவர் சொல்லும் சொல், ‘படி.’ அவர் வாயில் அது என்றும் ஏவல்வினையாகவே இருந்தது. தன்மை வினைமுற்றாக ஒருநாளும் வந்ததில்லை.

“உங்கப்பா லிஃப்ட்காரர்டி. படி அவருக்கு ஆகாது” என்பாள் மனைவி.

ஆகையால் இந்தத் திட்டம். புத்தகத்தை மகள் படிப்பாள். கேள்வி கேட்கும் நாற்காலியில் அமர்ந்து, பதில்களை இவர் பிடித்துக்கொள்வார். படிப்பும் ஆயிற்று, பெருமையும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமையே சிக்கல் எழுந்தது.

“அப்பா, பலகையில ஏழுன்னு மின்னினா கதவு சரியா மூடலைன்னு அர்த்தமாம். ஆனா கூடவே நாலும் மின்னுமாமே, ஏன்?”

“கேள்வி கேக்கறது நான்!”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா கேக்கறேன்? நீ சொல்லு, சரியான்னு நான் பாக்கறேன்.”

மகள் கைபேசியில் தேடினாள். ஒரு காணொளியைப் பார்த்தாள். பிறகு தாளில் படம் வரைந்து, மின்சாரம் எந்த வழியாக வந்து எங்கே அறுபடுகிறது என்று விளக்கினாள். லிஃப்ட்காரர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். மேசைக்கு அடியில் அவருடைய வலக்கை இடக்கையில் எழுதிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமைக்குள் எழுத்து முழங்கையை எட்டியது. கொதிக்கிற வெயிலில் முழுக்கைச் சட்டைக்கு மாறினார்.

“கையில என்னங்க கறை?” என்றாள் மனைவி.

“கிரீஸ்.”

“நீலமா இருக்கே?”

“புதுசா வந்திருக்கு.”

“ஓ! வரி வரியாத்தான் ஒட்டுமோ?”

அவர் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை. கடைசிப் பாடம் ஒன்றே எஞ்சியிருந்தது. தேர்வுக்குப் பதினாறு மணிநேரம். அப்போதுதானா மகள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும்?

“நான் எதைச் சொன்னாலும் சரிங்கறீங்க. ஒரு மார்க்காவது குறைச்சீங்களா? போங்கப்பா, போர் அடிக்குது.”

சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். லிஃப்ட்காரருக்கு உள்ளங்கை வியர்த்தது. வியர்வையில் முதல் மூன்று பாடங்கள் கரையத் தொடங்கின.

மனைவி கையைத் துடைத்தாள். மகளின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னைக் கேளுங்க.”

“உன்னை எதுக்கு?”

“நானும் லிஃப்ட்ல ஏறுறவதானே? பொது அறிவு.”

தப்ப வழியில்லை. அவர் தொண்டையைச் செருமினார். “பலகையில ஒன்பதுன்னு மின்னினா என்ன பழுது?”

“கயிறு தளர்ந்திருக்கு.”

“சபாஷ்! ரொம்பச் சரி.”

“தப்பு. மோட்டார் சூடாயிருக்கு. ஐம்பத்திரண்டாம் பக்கம்.”

அவர் அவசரமாக ஐம்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

“நான்... நான் உன்னைச் சோதிச்சுப் பாத்தேன்.”

“நானும் அதைத்தாங்க செஞ்சேன். நீங்க பரீட்சை வைக்கிறவரா, பரீட்சைக்குப் போறவரா?”

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். அதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேறில்லை.

“நாளைக்குப் பத்து மணிக்கு. தேறலைன்னா எண்ணெய்க் குப்பிதான்” என்றார் ஈனக்குரலில்.

“தெரியும். கடிதத்தைக் கருவிப் பெட்டிக்குள்ள ஒளிச்சா எனக்குத் தெரியாமப் போயிடுமா? இந்த வீட்டுல ஸ்க்ரூடிரைவர் எடுக்கறது யாரு?”

“தெரிஞ்சுமா அஞ்சு நாள் சும்மா இருந்தே?”

“யாரு சும்மா இருந்தா? நீங்க வேலைக்குப் போனதும் முழுப் புத்தகத்தையும் படிச்சேன். ம், திருப்புங்க பக்கத்தை. வாய்விட்டு.”

அவர் படித்தார். வாய்விட்டே படித்தார். தவறாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் ‘ஏன்’ என்றாள். சரியாகச் சொன்னபோதும் ‘ஏன்’ என்றாள். ஏழு மணிக்குத் திரும்பிய மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பாவின் கையில் புத்தகம்! கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் ‘படி’ என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை. தேர்வறை வாசலில் மீசை அரும்பிய இளைஞர் ஐவர், அவர்களோடு இவர். இவரை ஒத்த வயதினர் ஒருவரும் இல்லை. பயந்து ஓடிவிட்டார்கள், பாவம் என்று இரங்கினார். இரங்க மட்டுமே துணிவு மிஞ்சியிருந்தது.

தேர்வாளர் ஓர் இளம் பொறியாளர். மகளுக்கு அக்காள் வயது இருக்கும்.

“ஒன்பது மின்னினா, சார்?”

“மோட்டார் சூடாயிருக்கு.”

“ஏன் உடனே மறுபடி ஓட்டக் கூடாது?”

அந்த ‘ஏன்’ மனைவியின் குரலாகவே காதில் விழுந்தது. விளக்கினார். நான்கையும் ஏழையும் சேர்த்தே விளக்கினார். பொறியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகுலுக்கினார்.

“தேறிட்டீங்க. உங்களை நினைச்சா ஆச்சரியமா இருக்கு சார். உங்க வயசுக்காரங்க எல்லாரும் விலக்கு வாங்கிட்டாங்க.”

“விலக்கா?”

“இருபது வருஷம் முடிச்சவங்களுக்கு இந்தத் தேர்வு கட்டாயமில்லையே! பழைய லிஃப்டையெல்லாம் கழட்டற வரைக்கும் அதுலயே இருந்துக்கலாம். கடிதத்தோட ரெண்டாவது தாள்ல இருந்துதே. ‘விலக்கு வேண்டாம், படித்தே தேர்வுக்கு வருவேன்’னு எழுதிக் கொடுத்தது நீங்க ஒருத்தர்தான்.”

பொறியாளர் அந்தத் தாளை எடுத்து நீட்டினார். உருண்டை உருண்டையான எழுத்து மனைவியுடையது. கீழே இருந்த கையெழுத்து ஐயமறத் தம்முடையது. செவ்வாய்க்கிழமை காலை, ஒரு காலில் செருப்பும் மறு காலில் அவசரமுமாக நின்றபோது, மகளின் பள்ளிக்கூடத் தாள் என்று அவள் நீட்டியதில் போட்ட கையெழுத்து.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார்.

“அஞ்சு நாள் சோறு இறங்கலை எனக்கு! போக வேண்டாத பரீட்சைக்கு என் கையெழுத்தையே வாங்கி அனுப்பி என்னை ஏமாத்திட்டியே!”

மனைவி நிதானமாகத் தண்ணீர்க் குவளையை நீட்டினாள்.

“நான் எங்கங்க ஏமாத்தினேன்? போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிருக்கலாமே!”