சுவருக்கு மேலே இரண்டு அடி

தேயிலைத் தோட்டத்து மக்கள் லயத்து வரிசை வீடுகளை விட்டுப் போவது சம்பளம் போதாமல்தான் என்று படித்தவர்கள் பலரும் நம்புகிறார்கள். மிகுந்த மரியாதையோடு மறுக்கிறேன். காரணம், சுவர்.

டயகமவில் எங்கள் லயத்தில் ஒரு வீட்டையும் அடுத்த வீட்டையும் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. இரண்டு அடிக்கு முன்பே களைத்து நின்றுவிடும். அந்த இடைவெளி வழியாக அடுத்த வீட்டு வீரம்மா அக்காவின் கருவாட்டு வாசனை, தும்மல், தொலைக்காட்சி நாடகம் எல்லாம் எங்களிடம் வரும். என் மகள் லோஜினி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தாள். அப்படியும் மாதிரிப் பரீட்சையில், கண்டி அரசனின் மகாராணி யார் என்ற கேள்விக்கு நாடகத்து மாமியாரின் பெயரை எழுதிவிட்டாள்.

என் மனைவி ஜீவராணி லிந்துலையில் தனி வீடு ஒன்றைப் பார்த்து வைத்தாள். எனக்கு மனமில்லை. தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியனான நான் லயத்தில் எல்லோரும் மரியாதையோடு கூப்பிடும் 'சேர்'. லிந்துலையில் வாடகைக்கு இருப்பவன், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளின் படிப்புக்காகப் பெற்றோர் எதையும் துறக்க வேண்டும் என்று போன வாரம்தான் பள்ளிக்கூடக் கூட்டத்தில் முழங்கியிருந்தேன். என் மறுப்பு வீரம்மா அக்காவின் காதில் விழக்கூடாது. ஆகவே சாயந்தரம் தேத்தண்ணி குடிக்கும்போது ஜீவராணியின் காதோடு சொன்னேன்.

"லிந்துலைக்குப் போக முடியாது."

அவள் சுவரைப் பார்த்து நிமிர்ந்து குரலை உயர்த்தினாள். "என்னங்க சொல்றீங்க? அடுத்த மாசமேவா?"

"முடியாதுன்னேன்" என்று கிசுகிசுத்தேன்.

"புள்ள படிப்புக்கு முன்னால சேர்ங்கிற மரியாதையெல்லாம் பெருசில்லதான். அதுக்காக இவ்வளவு அவசரமாங்க?"

நானும் கத்தியிருக்கலாம். என்னவென்று கத்துவது? மகள் படிக்க வேண்டாம் என்றா?

அடுத்த பக்கம் தொலைக்காட்சி நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "சேர், ஒங்கள மாதிரி தகப்பன் யாருக்கு வாய்க்கும்" என்றார் வீரம்மா அக்கா.

மறுநாள் காலை தொழிலாளர்கள் கூடும் பெரட்டில், வேலை பிரிப்பதற்கு முன்பே செய்தி பிரிந்து போயிற்று. கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். கழுத்தில் மாலையோடு மறுத்துப் பேசியவர் யாரைப் பற்றியும் நான் படித்ததில்லை. நானும் தியாகத்தைப் பற்றிப் பேசினேன், நன்றாகவே பேசினேன். முன்வரிசையில் ஜீவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ ராஜதந்திரிகளைப் புத்தகத்தில் சந்தித்திருக்கிறேன். இவளுக்குப் பக்கத்தில் உட்கார அவர்களில் ஒருவருக்கும் தகுதியில்லை.

லிந்துலை வீட்டில் சுவர் கூரை வரை போகிறது. லோஜினி பஞ்சில்லாமல் படிக்கிறாள். என்னோடு ஏதாவது முடிவு பேச வேண்டியிருந்தால், ஜீவராணி முதலில் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள்.