செத்தவரும் திரும்பியவரும் இடம் மாறிய கல்

பதினொரு வருடமாக நான் கல்லறைக் கற்களுக்கு எழுத்து அமைக்கிறேன். பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் கணினிப் பிரிவு. எங்கள் கற்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். எந்த நாட்டுக்காரர் செத்தாலும் பெயரை நான்தான் அடுக்குவேன். ஒரு எழுத்து பிசகியதில்லை. காரணம், அந்த மொழிகளில் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. புள்ளியைப் பார்த்துப் புள்ளி, கோட்டைப் பார்த்துக் கோடு. நான் தப்பாக அடித்த ஒரே கல், என் தாய்மொழியில் இருந்த கல்தான்.

போன வருடம், இரண்டாம் உலகப் போர் முடிந்து எண்பது ஆண்டு ஆனதற்கு, ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நினைவுக்கல் வைக்க முடிவு செய்தார்கள். அந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் திரும்பினார்கள், நான்கு பேர் திரும்பவில்லை. எங்கள் முதலாளிக்கு அது சொந்த ஊர். கல்லைத் தானே தருவதாக ஒப்புக்கொண்டு வேலையை என்னிடம் கொடுத்தார்.

பட்டியல் என் போனுக்கு இரண்டு படங்களாக வந்தது, திரும்பியவர்கள் ஒன்றில், திரும்பாதவர்கள் மற்றதில். தலைப்பு இரண்டையும் முதலில் அடித்து வைத்துக்கொண்டு, பெயர்களைப் பிறகு கொண்டுவந்து ஒட்டினேன். எந்தப் பெயர்கள் எந்தத் தலைப்புக்குக் கீழே போயின என்று பார்க்கவில்லை. எழுத்துப்பிழையை மட்டும் மூன்று முறை பார்த்தேன். ஒன்றுமில்லை. (அந்தத் திருப்தியில் டீ வேறு குடித்தேன்.)

விழா காலை பத்து மணிக்கு. நல்ல பட்டுப்புடவையில் போயிருந்தேன், கல்லைச் செய்தவள் என்று யாராவது மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்ற நப்பாசையில். ஒரு நிமிட மௌனம் முடிந்ததும் துணியை விலக்கினார்கள். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், விறைப்பாக நின்று, கணீரென்று வாசித்தார்: "போரில் உயிர் நீத்தவர்கள்." தொடர்ந்து ஐந்து பெயர்கள்.

ஐந்தா? உயிர் நீத்தவர்கள் நான்கு பேர்தானே.

கூட்டத்திலிருந்து நாராயணப்பா எழுந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். கடைசியாக வாசித்தது அவருடைய அப்பாவின் பெயர்.

"சார், எங்கப்பா போர்ல செத்துட்டாருன்னா நான் எப்பிடிங்க பொறந்தேன்?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பர்மாலருந்து காடு காடா நடந்தே வந்த மனுசனுங்க. அவரக் கொண்டுபோய் மறுபடியும் அங்கயே விட்டுட்டீங்களே."

சிரிப்பு சட்டென்று நின்றது. முதலாளி என்னைத் தேடினார். அப்போது நான் செய்ததை இன்றும் என்னால் நியாயப்படுத்த முடியாது. ஓடிப்போய், கீழே கிடந்த துணியை எடுத்துக் கல்லை மறுபடியும் மூடினேன். வழுக்கி விழுந்தது. மறுபடி போட்டேன். மறுபடி விழுந்தது. (பாலிஷும் எங்கள் கம்பெனிதானே.) கடைசியில் இரு கைகளாலும் துணியைப் பிடித்தபடி, கல்லுக்குக் காவல் போல நின்றேன்.

அப்போதுதான் முனிரத்தினம்மா மெதுவாக நடந்து வந்தார். அவர் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது போருக்குப் போனவர் அவருடைய அப்பா. பிறகு ஒரு கடிதம் வந்தது, ஆள் வரவில்லை. முனிரத்தினம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா பெயர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். துணியை விலக்கி, வலது பக்கம் முதல் வரியைக் காட்டினேன். விரலை வைத்துத் தடவினார்.

"மேல என்னான்னு போட்டிருக்குதும்மா?"

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. "திரும்பி வந்தவர்கள்" என்று வாசித்தேன். அது என் தப்பு, மாற்றிவிடுவேன் என்றும் சொன்னேன்.

அவர் விரலை எடுக்கவில்லை.

"எங்கம்மா சாவற மட்டும் இதையேதாம்மா சொல்லிட்டிருந்தாங்க. வந்துருவாரு, வந்துருவாருன்னு."

பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நாராயணப்பாவே வந்து முனிரத்தினம்மாவைக் கைத்தாங்கலாக நாற்காலிக்கு அழைத்துப் போனார். போகும்போது திரும்பி, புதுக் கல் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

ஒரே வாரத்தில் வந்தது. ஒவ்வொரு பெயரையும், அதன் தலைப்போடு சேர்த்து, வாய்விட்டுப் படித்த பிறகே எழுத்து வெட்டக் கொடுத்தேன். இந்த முறை விழா இல்லை. நாராயணப்பா வந்து, அப்பாவின் பெயர் சரியான பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பழைய கல்லை உடைக்க எடுத்துப் போகும்போது முனிரத்தினம்மா வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்தத் தலைப்பும், அதற்குக் கீழே அப்பாவின் பெயரும் உள்ள துண்டை மட்டும் அறுத்துத் தர முடியுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார். நானே பக்கத்தில் நின்று அறுக்க வைத்து, ஓரங்களை மழமழவென்று தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாராயணப்பா இப்போதும் எனக்குப் போன் செய்தால், "செத்தவர் மகன் பேசறேம்மா" என்றுதான் ஆரம்பிப்பார். என் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வேலையிலிருந்து தாமதமாக வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "அம்மா, நீ எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். "திரும்பி வந்தவர்கள்" என்று நான் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள்.

சிரித்துக்கொண்டேதான் சொல்லத் தொடங்குவேன். முடிக்கும்போது ஒவ்வொரு முறையும், கல்லை விட்டு எடுக்காத முனிரத்தினம்மாவின் விரல் நினைவுக்கு வரும்.