சுயதொழில் கண்ணையன்

இனிமேல் எவனுக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று கண்ணையன் முடிவெடுத்தபோது அவனுக்கு வயது நாற்பத்தாறு. தட்டாஞ்சாவடிக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் குளிரூட்டும் மெஷின்களுக்கு வைத்தியம் பார்த்தவன். ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தான்.

"நாளையிலேருந்து நான்தான் முதலாளி. வாசப்பக்கத்து ரூம்ல ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை."

"சரிங்க," என்றாள் மனைவி சுமலதா. பருப்பில் கல் பொறுக்கும் கையை அவள் நிறுத்தவே இல்லை.

மறுநாள் லைசென்ஸ் கேட்கப் போனான்.

"வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் எங்க?" என்றார் கிளார்க்.

"நான்தான் சார் வீட்டுக்காரர்."

"நீங்க அந்தம்மாவுக்கு வீட்டுக்காரர். பத்திரப்படி வீட்டுக்கு அந்தம்மாதான் வீட்டுக்காரர்."

வீடு சுமலதாவுக்கு அவள் அப்பா எழுதிவைத்தது. சம்மதக் கடிதத்துக்குப் பிறகு வரி ரசீது கேட்டார்கள். கரண்ட் மீட்டரைக் கடைக்கென்று மாற்றச் சொன்னார்கள். எந்த ஜன்னலுக்குப் போனாலும் "இன்னொரு ஜெராக்ஸ்" என்றார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் வராத களைப்பு பத்தே நாளில் வந்துவிட்டது. அப்போதுதான் பேங்க்கில் ஒருவர், பெண்கள் பேரில் கடன் எடுத்தால் வட்டி குறைவு என்று காதில் போட்டார்.

கண்ணையனுக்குத் திட்டம் பிறந்தது. எல்லாவற்றையும் அவள் பேரில் போட்டுவிடுவது. அலைச்சல் அவளுக்கு, அதிகாரம் நமக்கு.

"சுமா, நீ கையெழுத்து மட்டும் போடு. பென்சில்ல புள்ளி வெச்சிருக்கேன் பாரு, அங்கல்லாம்."

"படிச்சுட்டுப் போடறேங்க."

"இதுல படிக்க என்னா இருக்குது?"

"பதினோரு வருஷமா மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதறேன். படிக்காம போட்டதில்ல."

இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் ஃபைலோடு அவளே கிளம்பினாள். ஒரே வாரத்தில் லைசென்ஸ் வந்தது, கடன் வந்தது, போர்டும் வந்தது. 'உரிமையாளர்: திருமதி சுமலதா' என்று பெரிதாக. அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், 'மெக்கானிக்: கண்ணையன்.'

"எம்பேரு ஏன் இத்துனூண்டு?"

"எடம் பத்தலைங்க."

கடை ஓடியது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் இவோன் அம்மாவின் பழைய ஃப்ரிட்ஜை ஒரு பகல் முழுக்கக் குடைந்து சரிசெய்தான். அவர் காபி கொடுத்து "மெர்சி, கண்ணையா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னதில் உருகி, கூலி வாங்காமல் வந்துவிட்டான்.

"மெர்சிய ஊத்தி இட்லி வேகுமாங்க?" என்று கேட்ட சுமலதா, மறுநாள் அவளே போய்க் கூலியோடு வந்தாள்.

மூன்றாவது வாரம் ஜுரம். கம்பெனியில் என்றால் ஈ.எஸ்.ஐ. சீட்டை நீட்டிவிட்டுச் சம்பளத்தோடு படுத்துக்கொள்ளலாம்.

"சுமா, ஒடம்பு முடியல. இன்னிக்கி கடைய மூடிடலாமா?"

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ரசஞ்சோறு பிசைந்து ஊட்டினாள். மாத்திரை கொடுத்தாள். கண்ணையனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"தெம்பா இருக்குதாங்க?"

"இருக்குது சுமா."

"வைத்திக்குப்பத்துல மீனு வெக்கிற ஃப்ரீசர் நின்னு போச்சாம். ஒங்க ஜுரம் எறங்கற வரைக்கும் மீனு பொறுத்துக்குமா? ஆட்டோ வாசல்ல நிக்குது."

உடம்புக்குள் ஒரு குளிர், ஃப்ரீசருக்குள் ஒரு குளிர். இரண்டுக்கும் நடுவில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோதுதான் கண்ணையனுக்கு ஞானம் வந்தது. சுயதொழில் என்பதில் சுயம் அவளுக்கு. தொழில் மட்டும் தனக்கு.

சாயங்காலம் நடுங்கிக்கொண்டே திரும்பினான். கடைக் கதவில் புதிதாக ஒரு தாள்: 'மெக்கானிக் தேவை. அனுபவம் அவசியம்.'

கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் தாலி கட்டியவள் அல்லவா?

"எனக்குத் தொணைக்கா சுமா?"

"ஆமாங்க. மூணு மாசம் ரெண்டு பேரையும் பாத்துட்டு, நல்லா வேலை செய்றவர வெச்சுக்கலாம்."