கீரி போட்ட முடிச்சு

இன்றைக்குச் சாயங்காலம் தன் வீட்டில் காடை வறுவல் மணக்கும் என்று அர்ச்சுனன் முடிவு செய்தான். முடிவை மனசோடு வைத்திருந்தால் பிழைத்திருப்பான். மரக்காணம் உப்பளத்திலிருந்து வீடு வந்து சேரும் வரை எதிர்ப்பட்ட எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தான். பக்கத்து வீட்டுக் கலியபெருமாளைச் சாப்பிடவே கூப்பிட்டுவிட்டான்.

கையிலிருந்த கோணிப்பை துள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று காடைகள். உப்புப் பாத்திகளைத் தாண்டி, கருவேலம் புதர் ஓரமாக, நைலான் நூலில் அவனே கண்ணி வைத்துப் பிடித்தவை.

அவன் மனைவி அமராவதி பையைப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுக்குக் கால் ஒடிந்து தொங்கியது. ஒன்றுக்கு இறக்கையில் நூல் அறுத்து ரத்தம் உறைந்திருந்தது. மூன்றாவது கண்ணை மூடி மூடித் திறந்தது.

"நாளைக்குப் புரட்டாசி பொறக்குது" என்றாள்.

"நாளைக்குத்தானே? இன்னைக்கு ஆவணி. மிளகா அரை."

"அடிபட்ட எடமெல்லாம் கருத்துப் போயிருக்குது பாருங்க. ரத்தம் கட்டுன கறியத் தின்னுட்டு நீங்க வயித்தப் புடிச்சிக்கினு படுத்தா, ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கினு போறது? நானா, கலியபெருமாள் அண்ணனா?"

அர்ச்சுனன் யோசித்தான். யோசித்தால் அவன் தோற்றுவிடுவான் என்று அமராவதிக்குத் தெரியும். அதனால் அவனை அடிக்கடி யோசிக்க வைப்பாள்.

"காயம் ஆறட்டும். கொஞ்சம் கொழுக்கட்டும். தீபாவளிக்கு உங்க கையால அறுத்துக் குடுங்க. மிளகு தூக்கலா போட்டு நானே வறுத்துத் தரேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் மாற மாட்டேன். நீங்க அறுக்கலேன்னா?"

"நானா? அறுக்க மாட்டேனா?" சிரித்த சிரிப்பில் மூன்றாவது காடை கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டது.

"அறுக்கலேன்னா, பொங்கல் வரைக்கும் நல்ல தண்ணி நீங்கதான் எடுத்தாரணும். குழாயடியில வரிசையில நின்னு."

அர்ச்சுனன் சிரிப்பு நின்றது. அந்தத் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீருக்கு ஒரே குழாய். அங்கே நிற்பதெல்லாம் பெண்கள். இடுப்பில் குடத்தோடு எந்த ஆம்பளையும் அங்கே நின்றதாக ஊரில் பேச்சே இல்லை.

"கீரி, பூனை தூக்கினு போனா?" என்று கேட்டான். இந்த ஒன்றையாவது முன்யோசனையாகக் கேட்டோமே என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

"அது உங்க தப்பு இல்ல. பந்தயமும் இல்ல. இப்ப உக்காருங்க. ஒடிச்ச கைதானே கட்டணும்?"

காயத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். அவன் ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கினான். பழைய வேட்டியைக் கிழித்துக் காலில் வைத்துக் கட்டினான். காடை 'கீச்' என்றது.

"வலிக்குதா?" என்று கேட்டுவிட்டான்.

அமராவதி தலையைக் குனிந்து மஞ்சளைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

பெரிய கூடை ஒன்றில் வைக்கோல் பரப்பினார்கள். காடை பயந்தால் நேராக மேலே எகிறும், மண்டை உடையும். அதனால் கூடை வாய்க்கு மெத்தென்று பழைய புடவையும், அதற்கு மேல் மீன்வலைத் துண்டும் போட்டுக் கயிற்றால் கட்டினார்கள். கேழ்வரகு அமராவதி கொடுத்தாள். வரப்பில் கரையான் புற்றைப் பெயர்த்து எடுத்து வருவது அர்ச்சுனன் வேலை ஆயிற்று.

"ஏம்பா, வறுவல் என்னாச்சு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார் கலியபெருமாள்.

"தீபாவளிக்கு. கொழுக்க வைக்கிறேன்."

"காடை கொழுக்குது. நீ எளைக்கிறியே."

பொய்யில்லை. மழை பிடித்துக்கொண்டது. அளத்தில் தண்ணீர் நின்று வேலை நின்றது. அர்ச்சுனன் முழு நேரமும் கூடைக்குக் காவல். காக்காய் வந்தது, கல்லெறிந்தான். பூனை வந்தது, கூடையைப் பரண் உயரத்தில் தொங்கவிட்டான். பூனை பரணிலேயே குடியேறியது, கீழே இறக்கினான். இறக்கினால் கீரி வந்தது.

கீரி சாதாரணப்பட்டதில்லை. பகலிலேயே, வீட்டு ஆள் மாதிரி, பின்பக்கமாக வந்தது. முதல் நாள் கூடைக்கு அடியில் மண்ணைத் தோண்டியது. மறுநாள் அவன் சுற்றிலும் ஓட்டுத் துண்டுகளைப் புதைத்தான். மூன்றாம் நாள் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது கூடை உருண்ட சத்தம் கேட்டது. துண்டோடு ஓடினான். உப்பு வாருகிற பலகையைத் தூக்கிக்கொண்டு, "டேய்! டேய்!" என்று கத்தியபடி தெருக்கோடி வரைக்கும் கீரியைத் துரத்தினான். திரும்பி வரும்போதுதான் துண்டு பாதி வழியிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

"இவ்ளோ பாடு பட்டு யாருக்கு? உங்க வயித்துக்குத்தானே?" என்றாள் அமராவதி.

"பின்ன? வேற யாருக்கு?" என்றான் விறைப்பாக. வலைக்குள் விரலை விட்டு மூன்றையும் எண்ணிக்கொண்டே.

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். காடை ஒரு காலில் நின்றது. மெதுவாக இன்னொன்றையும் ஊன்றியது. சாய்ந்தது. மறுபடி ஊன்றியது. அர்ச்சுனன் கேழ்வரகை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அது நாலு எட்டு வைத்து அவன் உள்ளங்கைக்கு வந்து கேழ்வரகைக் கொத்தியதும், கண்ணில் புகை பட்டுவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டான். அடுப்பு அப்போது பற்ற வைக்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. மழை விட்டிருந்தது. காலையிலிருந்து கத்தியைத் தீட்டினான். தீட்டியதைப் பார்த்தான். மழுங்கல் என்று மறுபடி தீட்டினான். கத்தி பாதி தேய்ந்துவிட்டது.

"விடிகாலையில அறுத்துடுவீங்கதானே?" என்றாள் அமராவதி, மிளகு புடைத்துக்கொண்டே.

"ஒரே வீச்சு."

"சரி. நான் கடைக்குப் போயி எண்ணெ வாங்கினு வரேன். வர நேரமாவும்."

நேரமாகும் என்று அவளாகவே சொன்னது அவனுக்கு அதிர்ஷ்டமாகப் பட்டது. அவள் தலை மறைந்ததும் கூடைக் கயிற்றை அவிழ்த்தான். காடைகளைத் துண்டில் பொதிந்து வரப்புக்கு ஓடினான். புதரோரம் துண்டை விரித்தான். இரண்டு படபடவென்று எழும்பிப் போயின. கால் ஒடிந்திருந்தது மட்டும் கொஞ்ச தூரம் ஓடியது, நின்றது, அவனை ஒருமுறை பார்த்தது மாதிரி இருந்தது. அப்புறம் அதுவும் பறந்தது. தன் கண்ணிகள் ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கூடைக்குள் கிடந்த இறகுகளை அள்ளி வாசல் வரைக்கும் இறைத்தான். ஓட்டுத் துண்டுகளைக் கலைத்து, கூடை ஓரமாகக் குழி பறித்தான். கூடையை மூடினான். அமராவதி தெருமுனையில் தெரிந்ததும் மார்பில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ! பாழாப் போன கீரி! மூணையும் தூக்கினு போயிடுச்சே!"

அமராவதி எண்ணெயை உள்ளே வைத்தாள். இறகைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். கூடை பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றைத் தொட்டாள்.

"ஏங்க, கீரி எப்டி உள்ள போச்சு?"

"வலையப் புரட்டிக்கினுதான்."

"வெளிய வந்து?"

"வெளிய வந்து... ஓடிடுச்சு."

"ஓடறதுக்கு முன்னாடி கயித்தக் கட்டிட்டுப் போச்சா?"

அர்ச்சுனன் குனிந்து பார்த்தான். கூடை வாயில் முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, நுனி உள்ளே. உப்பு மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. பத்து வருஷமாக எதன் வாயைத் திறந்தாலும் மூடும்போது அவன் கை தானாகப் போடுகிற முடிச்சு.

"நம்ம அளத்துல மூட்டை கட்டுன கீரி போல இருக்குது" என்றாள் அமராவதி.

வேலிக்கு அந்தப் பக்கம் கலியபெருமாள் இருமினார். சிரிப்பு இருமலாக வந்தது.

தீபாவளி விடிந்ததும் ஆட்டுக்கறி குழம்பும் இட்லியும் தின்றுவிட்டு, அர்ச்சுனன் அமராவதிக்குப் பின்னால் குழாயடிக்குப் போனான். வரப்புப் பக்கம் எங்கேயோ ஒரு காடை கூப்பிட்டது. அவன் நின்று கேட்டான். அவளும் நின்றாள்.

குழாயடியில் பெண்கள் வழிவிட்டார்கள். வரிசையில் ஆறாவதாக ஒரு நீலக் குடம் அவனுக்காக ஏற்கனவே காத்திருந்தது. அதில் சிவப்புப் பெயிண்டில் 'அர்ச்சுனன்' என்று எழுதியிருந்தது. பெயிண்ட் வெளிறியிருந்தது.

"இத எப்ப எழுதுன?"

"ஆவணி கடைசியில. கட்டு போட்டுட்டு, வலிக்குதான்னு அதுகிட்ட கேட்டீங்களே, அன்னிக்கே."